டைம் மேனேஜ்மென்ட்டும் ஒரு பாட்டம் அழுகையும்

தில்லிக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இங்கே நம்மவர்கள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் எது தெரியுமா? "ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் டென்ஷன், அவ்ளோதான்." இந்த 'அவ்ளோதான்' மேலதான் எனக்கு எரிச்சல்.

ஆபீஸில் அப்ரைசல். பிள்ளைக்கு போர்டு பரீட்சை. ஊரில் தனியா இருக்கிற அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்துட்டாங்கன்னு போன். எல்லாம் ஒரே வாரத்தில் கழுத்து வரைக்கும் ஏறி நிற்கும்போது சுத்தியிருப்பவர்கள் என்ன தருகிறார்கள்? ஆபீஸ்காரன் டைம் மேனேஜ்மென்ட் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புகிறான். மாமனார் பிராணாயாமம் சொல்கிறார். நண்பன் 'பாஸிட்டிவா திங்க் பண்ணுடா' என்று வாட்ஸப்பில் சூரிய உதயம் அனுப்புகிறான். மூணு பேரும் சொல்வது ஒன்றுதான்: அந்த உணர்ச்சியைத் தொடாதே, ஓரமா தள்ளி வை.

அய்யா, அம்மா விழுந்ததை எந்த எக்செல் ஷீட்டில் போடுவது?

இதற்கு நேர் எதிராகப் பேசுகிற மனச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. எமோஷன் ஃபோகஸ்டு தெரபி. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லெஸ்லி கிரீன்பெர்க்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களிலிருந்து வளர்த்தெடுத்தது. அதே காலத்தில் சூ ஜான்சன் அவரோடு சேர்ந்து தம்பதிகளுக்கான வடிவத்தை ஆரம்பித்தார். அடிப்படை ரொம்ப எளிமை. ஓர் உணர்ச்சியை விட்டு வெளியே வரணும்னா, முதலில் அது இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரணும்.

மேலே தெரிகிற உணர்ச்சி ஒன்று, அடியில் இருப்பது இன்னொன்று என்பது இவர்கள் கணக்கு. சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிறவருக்கு மேலே கோபம், அடியில் அம்மா போய்விடுவாரோ என்கிற பயம். கோபத்தை மட்டும் அடக்கச் சொல்லிக் கொடுத்தால் பயம் இருந்த இடத்திலேயே இருக்கும். நாளைக்கு ரசத்தில் புளி ஜாஸ்தி என்று வரும்.

இரண்டு நாற்காலி வைத்து ஒரு பயிற்சி உண்டு. ஒன்றில் உட்கார்ந்து, நம்மையே நாம் திட்டுகிற குரலை வாய்விட்டுப் பேசணும். 'பெத்தவளைத் தனியா விட்டுட்டு சம்பளத்துக்குப் போனவன்தானே நீ?' பிறகு எழுந்து எதிர் நாற்காலிக்கு மாறி, அதைக் கேட்டவனாகப் பதில் சொல்லணும். கேட்க நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் அங்கேதான் பலருக்கும் தொண்டை அடைக்கிறது, அடியில் கிடந்த துக்கம் மேலே வருகிறது. 'எனக்கும் அம்மாகூட இருக்கணும் போல இருக்கு' என்று தனக்கு வேண்டியதைச் சொல்ல வாய் வருகிறது. குற்ற உணர்ச்சியை புத்திமதியால் விரட்ட முடியாது, இன்னொரு உணர்ச்சிதான் அதை மாற்றும் என்கிறார்கள்.

மூச்சு முட்டுகிற நேரத்தில் இன்னும் ஆழத்தில் தள்ளிவிடுவது இல்லை இது. அப்போது முதலில் மூச்சு, உடம்பு, நிதானம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். (மாமனாருக்கு இவ்வளவு மார்க் கொடுத்துத்தான் ஆகணும்!) மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு மாத்திரையும் வேண்டும்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம கலாச்சாரத்தில் அடக்கம்தான்' என்பவர்கள் தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியலைப் புரட்டட்டும். எட்டு மெய்ப்பாடுகளில் அழுகை இரண்டாவது. அது பிறக்கிற காரணங்கள் நாலு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் அசைவு என்பது, முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது என்கிறது பழைய உரை. ஊரைவிட்டு வந்த நமக்கு இதைவிட நல்ல சொல் இருக்கிறதா? ஆம்பளை அழக்கூடாது என்பது எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்து வரவில்லை.

இன்னொன்று, மொழி. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் அப்செட்' என்பது ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். தமிழில் ஆதங்கம் வேறு, ஆற்றாமை வேறு, புழுக்கம் வேறு. ஒவ்வொன்றும் கேட்பது வேறு வேறு. சரியான சொல் வாயில் வருவது இந்தச் சிகிச்சையில் பாதி வேலை. அதனால் தமிழில் பேசுகிறவரிடம் போவது ஆடம்பரம் இல்லை. குர்காவ்னில் கிடைக்கவில்லையா, வீடியோவில் தேடுங்கள். அவசரத்துக்கு மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416, தமிழிலும் பேசலாம். அது முழுச் சிகிச்சை இல்லை, ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

'காசு கொடுத்து அழணுமா?' என்று ஒரு பெரியவர் மலை மந்திர் வாசலில் கேட்டார். முதுகு வலிக்கு பிசியோதெரபிஸ்டிடம் காசு கொடுத்துத்தானே கத்துகிறோம்? 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு இருப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு தரணும் என்கிறது. ஆனால் கம்பெனி பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன, உட்கார்ந்து பேசினால் இல்லை. அடுத்த ஹெச்.ஆர். மீட்டிங்கில் 'எனி கொஸ்டின்ஸ்?' என்று கேட்கும்போது, பேச்சுச் சிகிச்சைக்கு எத்தனை அமர்வு, தமிழ் தெரிந்தவர் உண்டா என்று கேளுங்கள். பதிலுக்கு யோகா பாய் கொடுத்தால், பாயை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் கேளுங்கள்.