யாருக்காக ஓடுகிறது இந்தக் கப்பல்?

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டதைச் சாதனை என்கிறார்கள். வடபுலத்து மக்களுக்கு அது நன்மையே, நான் மறுக்கவில்லை. ஆனால் அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் மக்களுக்கு அதனால் என்ன பயன் என்று யாரேனும் கேட்டதுண்டா?

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்தனர். அம்மக்களைக் கேளாமலே செய்தனர். தலைமன்னாரில் கப்பலேற்றி இராமேசுவரத்தில் இறக்கினர். ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் கோத்தகிரியிலும் தம்பி அட்டனிலுமாயினர். பிரிப்பதற்கு ஓடிய அந்தக் கப்பல் 1980களில் போர் மூண்டதும் நின்றது. 2023இல் மீண்டும் கப்பல் விட்டபோது அந்த வழியில் விடவில்லை.

காங்கேசன்துறைச் சேவையாவது ஒழுங்காக நடந்ததா? 2023 அக்டோபர் 14இல் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்றது. தேதிகள் பலமுறை மாறி, 2024 ஆகஸ்டில்தான் மீண்டது. நாட்கூலி பெறுபவர் எதை நம்பிப் புறப்படுவார்?

என் மலையக உறவுகளே, கப்பல் புறப்படுவதை உறுதி செய்யாமல் மலையிறங்காதீர்கள். வாடைக்காலத்தைத் தவிருங்கள். இரண்டு நாள் செலவுக்குக் கூடுதலாகப் பணம் வைத்திருங்கள்.

ஆட்சியாளர்களே, தலைமன்னார் வழியைத் திறவுங்கள். அனுப்பிவைத்த வழியிலேயே போய்ப் பார்த்துவரும் உரிமையையாவது கொடுங்கள்.