துப்பாக்கி மலிவாக இருந்த பொற்காலமாம்!

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் கிளாஸ்மேட்ஸ் ஐந்து பேர் ஐந்தருவியில் குளித்துவிட்டு, பசியோடு ஒரு நண்பன் வீட்டுக்குப் போனோம். எனக்கு ஊர் இலஞ்சி, அவனுக்குப் பக்கத்து ஊர். பழைய காரை வீடு, பெரிய திண்ணை, சுவரில் மான் கொம்பு. புரிந்திருக்கும், எந்த மாதிரி வீடு என்று.

சாப்பாடு முடிந்ததும் அவனுடைய பெரியப்பா பீரோவைத் திறந்து தோல் உறைக்குள்ளிருந்து ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்தார். கூடவே ஒரு பழுப்பேறிய காகிதம். கடை பில். 1950-களில் அவருடைய அப்பா மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் வாங்கியதாம்.

"எவ்வளவுன்னு பாருங்கல. இன்னைக்கு இந்தத் துட்டுக்கு ஒரு தோட்டா டப்பி குடுப்பானா? அந்தக் காலத்துல கடைக்குப் போனோம், எடுத்தோம், துட்டைக் குடுத்தோம், வந்துட்டோம். இப்ப லைசென்சு, ரினிவலு, எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைன்னு உயிரை வாங்குதான். நாடா இது?"

உண்மைதான். அந்தத் தொகைக்கு இன்று சீசன் நேரத்துக் குற்றாலத்தில் ஒரு ராத்திரி லாட்ஜ் ரூம்கூடக் கிடைக்காது. மற்ற நால்வரும் 'வாவ்' சொன்னார்கள். நான் சும்மா இருந்தேன். சாப்பிட்ட வீட்டில் சண்டை போடக்கூடாது என்று எங்கள் ஆச்சி சொல்லியிருக்கிறாள். அதனால் இங்கே போடுகிறேன். மாப்ள, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கோவிச்சுக்காதே.

முதலில் அந்த "கடைக்குப் போனோம், வாங்கினோம்" கதை. யார் போனது?

நம்ம சீமையில் துப்பாக்கி ஒரு காலத்தில் நிஜமாகவே எங்கும் இருந்தது. நெற்கட்டும்செவல் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பூலித்தேவன் ஆட்களும் கட்டபொம்மன் ஆட்களும் வேலும் வல்லயமும் மட்டும் வைத்துச் சண்டை போடவில்லை, துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். அதற்கு முடிவு கட்டியது 1801. பாளையக்காரர் போர் அடங்கியதும் அந்த டிசம்பர் 1-ஆம் தேதி மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் (பிளாசி கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறி வைத்திருந்தால் மரண தண்டனை. தென்பாண்டிச் சீமையில் துப்பாக்கி 'சுலபமாக'க் கிடைத்த காலம் அன்றைக்கே முடிந்துவிட்டது. பெரியப்பாவின் அப்பா பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னால்!

அடுத்து 1878. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வெள்ளைக்காரனுக்கு விலக்கு. கூடவே ராஜாக்கள், பட்டம் வாங்கியவர்கள் என்று வேண்டப்பட்டவர்களுக்கும் சலுகை. 1887-இல் மெட்ராஸில் நடந்த மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டிலேயே இந்தச் சட்டத்தின் பாகுபாட்டை எதிர்த்து விபின் சந்திர பால் பேசினார். மவுண்ட் ரோட்டுக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் அழகழகாக இங்கிலீஷ் துப்பாக்கிகள் அடுக்கியிருந்தது நிஜம்தான். கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ்கூடத் துப்பாக்கி விற்றது. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க மட்டுமே முடிந்தவர்கள்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர். இந்த 1878 சட்டம் சுதந்திரத்துக்கு அப்புறமும் உயிரோடு இருந்தது. 1959-இல் புதுச் சட்டம் இயற்றி, அது 1962 அக்டோபரில் அமலுக்கு வரும்வரை பழையதுதான். ஆக, அந்த பில் எழுதப்பட்ட அன்றைக்கும் லைசென்ஸ் தேவைப்பட்டது. உங்கள் வீட்டுக்கு அது கேட்டவுடன் கிடைத்தது, அவ்வளவுதான். வீட்டுக்கே வந்து கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

"அப்ப வாஞ்சிநாதன்?" என்று ஒருத்தன் திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான். செங்கோட்டை நமக்கு எட்டிவிடும் தூரம், அதனால் வாஞ்சி இல்லாமல் எந்த விவாதமும் முடியாது :-) சரி, வாஞ்சியையே எடுத்துக்கொள்வோம். 1911 ஜூன் 17, மணியாச்சி, கலெக்டர் ஆஷ். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். அதை அவர் மவுண்ட் ரோட்டில் பில் போட்டா வாங்கினார்? பிரிட்டிஷ் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் போய்ச் சுடப் பழகினார்கள். கல்கத்தாவில் 1914 ஆகஸ்டில் புரட்சிக்காரர்கள் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் கடத்தினார்கள். கடைக்குப் போய் வாங்க முடிந்தவன் எதற்கய்யா கடத்துகிறான்?

இப்போது விலைக்கு வருவோம். 'மலிவு' என்றால் யாருடைய கூலிக்கு மலிவு? எங்கள் தாத்தா அந்த வருஷங்களில் மலையடிவாரத்து மாந்தோப்பில் காவல்காரர். அவருக்குக் கூலி நெல்லாகத்தான். வருஷம் முழுக்கக் கையில் ரூபாய் நோட்டைப் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம் என்பார். துப்பாக்கி நூறு ரூபாயாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் அவருக்கு ஒரே விலைதான்.

ஆனால் தாத்தாவுக்குத் துப்பாக்கி தெரியும். நன்றாகவே தெரியும். பண்ணையார் வேட்டைக்குப் போனால் அதைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் நடப்பவர் அவர்தான். எண்ணெய் போட்டுத் துடைப்பவர் அவர்தான். காட்டுக்குள் தம்பட்டம் அடித்துப் பன்றியைக் கலைத்துவிடுபவர்களில் ஒருவரும் அவர்தான். அப்படிக் கலைக்கப் போன ஒரு நாள், புதர் அசைந்த பக்கம் பண்ணையார் சுட்டார். அசைந்தது தாத்தா. ரவை கெண்டைக்கால் முழுக்க இறங்கியது. போலீஸ் இல்லை, கேஸ் இல்லை, நாட்டு வைத்தியர் தோண்டி எடுத்தது பாதி. பண்ணை வீட்டிலிருந்து ஒரு கோட்டை நெல் வந்தது. அதற்கு யாரும் பில் போடவில்லை.

(மாப்ள, அது உங்கள் வீடு இல்லை. வேற ஊர், வேற வீடு. ஆனால் அந்தத் துப்பாக்கியும் ரெட்டைக்குழல்தான்.)

ஒரு விஷயத்தில் பெரியப்பா சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். இன்றைய விலை அநியாயம். 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை அடைத்தார்கள். கைத்துப்பாக்கி என்றால் ரொம்ப காலம் அரசாங்கத் தொழிற்சாலை வைத்ததுதான் விலை. டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு 2014-இல் கான்பூரில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வர் வெளியிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? விலை 1,22,360 ரூபாய். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பெண் ஒன்றேகால் லட்சத்துக்கு ரிவால்வர் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். என்ன கொடுமை சார் இது!

ஆனால் அதற்காக மலிவாக்கு, கடைக்குக் கடை விற்க விடு என்பதா? விற்றவன் கதையைக் கேளுங்கள். 1963 மார்ச்சில் அமெரிக்காவில் ஒருவன் பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனை வெட்டி, பொய்ப் பெயர் எழுதி, சிகாகோ கடைக்கு அனுப்பினான். ஸ்கோப் மாட்டிய பழைய இத்தாலிய ராணுவ ரைஃபிள் தபாலில் வந்து சேர்ந்தது. தபால் செலவு சேர்த்து 21 டாலர் 45 சென்ட். அவன் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். நவம்பரில் கென்னடி செத்தார். மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பதைத் தடுக்க அவர்களுக்கு அதற்கப்புறமும் ஐந்து வருஷம் பிடித்தது, 1968-இல்தான் சட்டம் வந்தது. அங்கேயும் அந்த கேட்லாக் விலையை நினைத்து இன்றும் ஏங்குகிற பெரியப்பாக்கள் உண்டு.

அமெரிக்கா எதற்கு, நம்ம ஊரே போதும். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கே தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தார்கள். அதை விடுங்கள், நமக்கு நினைவு தெரிந்த விஷயம் 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, சாதிக்காக, கூடப் படித்த பையன்களே ராத்திரியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது, அடுத்த வருஷம் அறிக்கையும் வந்தது. அந்த அண்ணனும் தங்கையும் பிழைத்தார்கள். கையில் இருந்தது அரிவாள் என்பதால் பிழைத்தார்கள். அந்தப் பையன்களின் வீட்டு பீரோவில் ஒரு தோல் உறை இருந்திருந்தால்? பில்லில் ஒரு லாட்ஜ் ரூம் வாடகைதான் என்று இருந்திருந்தால்? கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களை நாம் எல்லாருமே பள்ளிக்கூடத்தில் பார்த்துத்தானே வந்தோம்?

காட்டுப்பன்றிக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி இது ஒன்றுதான். வடகரை, மேக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள், யானையும் பன்றியும் நெல்லையும் தென்னையையும் என்ன பாடு படுத்துகின்றன என்று. கேரளாவில் 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டு, லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் சுடலாம். நம் அரசு 2025 ஜனவரியில் சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடும். 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. மலையடிவாரத்து விவசாயிக்கு இது அரைக்கிணறுதான். எனக்கும் கோபம் உண்டு. நஷ்ட ஈடு சட்டென்று வரவேண்டும், வனத்துறைக்கு ஆள் போடவேண்டும், கத்துவோம், நானும் வருகிறேன். இல்லையென்றால் திருட்டு கரண்ட் வேலியும் அவுட்டுக்காயும்தான் மிஞ்சும், அதில் பன்றியோடு யானையும் ஆளும் சாகும். ஆனால் பீரோவுக்குள் இருக்கிற அந்த ரெட்டைக்குழல் எந்தப் பன்றியையும் கடைசியாக எப்போது பார்த்தது? 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததிலிருந்து அது வெளியே வந்தது விருந்தாளிகளுக்காகவும், தேர்தலுக்கு ஸ்டேஷனுக்குப் போவதற்காகவும்தான்.

அன்றைக்குக் கிளம்பும்போது பெரியப்பா நல்ல மனதோடுதான் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். "தூக்கிப் பாருல, என்னா கனம்." கனம்தான். இதைத் தோளில் வைத்துக்கொண்டு மலை ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குன்னு ஆள் இருந்துச்சுல்லா" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சாரல் பலத்திருந்தது. தாத்தா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஈரக்காற்று அடித்தால் உள்ளே மிச்சம் இருக்கிற ரவை குத்தும்.