தொப்பி அணிந்து வந்த வேட்பாளரும் நம் கையிலுள்ள அமானிதமும்





2024ஆம் ஆண்டின் ரமளான் நம்மிடமிருந்து விடைபெற்ற சில நாள்களிலேயே தேர்தல் வந்தது. வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 19 அன்று, தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நடைபெற்றது. அவ்வாண்டு நோன்பும் தேர்தல் பரப்புரையும் கைகோத்தே வந்தன. மார்ச் 12 அன்று முதல் நோன்பை நோற்றோம். மார்ச் 16 அன்று தேர்தல் அட்டவணை வெளியானது. அதன்பின் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் எனப் புறநகரெங்கும் நோன்பு திறக்கும் நிகழ்வுகளில் அரசியல் விருந்தினர்கள் பெருகினர்.

அத்தகைய நிகழ்வொன்றில் நாமும் அமர்ந்திருந்தோம். மஃரிபுக்குச் சற்று முன்னர் ஒரு வேட்பாளருக்காகப் பேச வந்தவர் வெள்ளைத் தொப்பி அணிந்து மேடையேறினார். இஸ்லாம் சாந்தியின் மார்க்கம் என்றார். நமக்கும் தமக்கும் இருப்பது தொப்புள்கொடி உறவு என்றார். தம் இளமையில் அண்டை வீட்டு பாய் அனுப்பிய பிரியாணியை நினைவுகூர்ந்தார். பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் உண்டார், படம் எடுத்துக்கொண்டார், நாம் தொழுது முடிப்பதற்குள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த இளைஞர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "பாய், எங்க முடிச்சூர்ல வருஷா வருஷம் தண்ணி நிக்குதே, அதப் பத்தி இவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா?" அருகிலிருந்த பெரியவர், "விருந்தாளிகிட்ட அதெல்லாம் கேக்கக் கூடாது தம்பி" என்று அவரை அமர்த்திவிட்டார். அந்தப் பெரியவர் வேறு யாருமல்லர். இதனை எழுதும் நாமே. அந்த வெட்கம்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். வேறொரு தலைவர் தம் மதத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தை எழுப்பும்போது நாம் கலங்குகிறோம். அரசியலில் மதத்திற்கு என்ன வேலை என்று வினவுகிறோம். அதே உத்தியுடன் ஒருவர் நம் மேடையில் நம் மார்க்கத்தைப் புகழும்போது மட்டும் மனம் குளிர்கிறோம். இரண்டிலும் கேட்கப்படுவது ஒன்றே: உன் மதத்தை நினைத்து எனக்கு வாக்களி.

நாட்டின் சட்டம் இதனை ஏற்பதில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(3) பிரிவில், மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என வகைப்படுத்துகிறது. வேட்பாளரின் மதத்தை மட்டுமன்றி வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. வழிபாட்டுத் தலங்களைப் பரப்புரை மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. இவ்விதிகள் நமக்கு எதிராக மீறப்படும்போது மட்டும் நினைவுக்கு வருபவையாக இருத்தல் ஆகாது.

மேடைப் புகழ்ச்சிக்கும் ஆட்சியின் செயலுக்கும் உள்ள இடைவெளியை நாம் அறியாதவர்களும் அல்லர். நோன்புக் கஞ்சிக்கு அரிசி வழங்கிய அதே அ.தி.மு.க. ஆட்சிதான் 2002இல் மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற பின்னரே அதனைத் திரும்பப் பெற்றது. 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்ததும் அக்கட்சியே. மறுபுறம், 2007இல் நமக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த தி.மு.க., 1999 முதல் 2003 வரை பா.ஜ.க. தலைமையிலான கூட்டணியில் இருந்தது. அந்தக் குடியுரிமைச் சட்டத்தின் விதிகளை ஒன்றிய அரசு அறிவிக்கையாக வெளியிட்டதோ 2024 மார்ச் 11 அன்று, முதல் நோன்புக்கு முந்தைய நாள். இஃப்தார் மேடையில் கேட்ட இனிய சொற்களைக் கொண்டு இவற்றில் எதனையும் முன்கூட்டி அறிந்திருக்க இயலாது.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2008ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, ஒபாமாவும் மெக்கெய்னும் கலிஃபோர்னியாவின் பெரிய தேவாலயம் ஒன்றில் தம் இறைநம்பிக்கை பற்றிய வினாக்களுக்கு விடையளித்தனர். ஒபாமா ஒரு முஸ்லிம் என்ற வதந்தி அன்று அவர்மீது பழியாகவே வீசப்பட்டது. அவர் கிறிஸ்தவர் என்று பலர் மறுத்தனர். முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவலோ, அவர் முஸ்லிமாக இருந்தால்தான் என்ன தவறு என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாக வினவினார். வேட்பாளரின் மதத்தை எடைபோடத் தொடங்கிய சமூகத்தில், சிறுபான்மையினரின் பெயரே ஒரு குற்றச்சாட்டாகிவிடும் என்பதற்கு இது சான்று.

நம் மார்க்கம் காட்டும் அளவுகோல் தெளிவானது. மக்காவில் துன்புறுத்தல் தாங்க முடியாத நிலையில், நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை அபிசீனியாவுக்கு அனுப்பினார்கள். அதனை ஆண்டவர் நஜ்ஜாஷி. அன்று அவர் கிறிஸ்தவ மன்னர். அவருடைய ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். நபித்துவத்துக்கு முன்பே, ஏமாற்றப்பட்ட ஒரு வெளியூர் வணிகருக்காக மக்காவினர் செய்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் பங்கேற்றதைப் பிற்காலத்திலும் அவர்கள் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். அமானிதத்தை அதற்குரியவரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் பணிக்கிறது. நம் வாக்கும் ஓர் அமானிதமே.

மேடவாக்கத்தில் எந்தத் தலைவரின் பெயரால் கல்லூரி நிற்கிறதோ, அந்தக் காயிதே மில்லத் அவர்கள் அரசியல் நிர்ணய சபையில் சமுதாய உரிமைகளுக்காக வாதாடினார். தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதியும் கேட்டார். தம் மக்களின் கோரிக்கையையும் எல்லோருக்குமான கோரிக்கையையும் ஒரே நாவால் பேசிய அவரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

ஆகவே வேட்பாளர்களிடம் நாம் கேட்க வேண்டியவை பல. குடியுரிமைச் சட்டம் குறித்து நாடாளுமன்றத்தில் எவ்வாறு வாக்களிப்பீர்கள்? இஸ்லாமியச் சிறைவாசிகள் உள்ளிட்ட நெடுங்காலக் கைதிகளின் விடுதலை குறித்து உங்கள் நிலை என்ன? விரிந்துவரும் புறநகரில் கபரஸ்தானுக்கு இடம் எங்கே? 2015 பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கினவே, அடையாற்றுக் கரையில் என்ன செய்யப் போகிறீர்கள்? அந்த வெள்ளம் எவருடைய மதத்தையும் பார்த்து வீட்டினுள் நுழையவில்லை. இக்கேள்விகளைக் கேட்பது விருந்தோம்பலுக்கு இழுக்கு ஆகாது. அன்று அந்தத் தம்பியைத் தடுத்தது நம் பிழை.

எவருக்கு வாக்களிப்பது என்று நாம் இங்கு கூறவில்லை. அது உங்கள் மனசாட்சிக்கும் இறைவனுக்கும் இடையிலானது. ஒன்றை மட்டும் வேண்டுகிறோம்.  வாக்குப்பதிவு நாளன்று, ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் வீட்டுப் பெண்களையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குச் செல்லுங்கள். கடமையை மனநிறைவுடன் முடியுங்கள்.

நீதியின் பக்கம் நிற்கும் உறுதியை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.