பாலைவனப் பந்தயத்தில் வழிவிட வேண்டியவர் யார்?

பொங்கல் விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஓரிரவு, நம் விடுதியின் மேல்மாடியில் பத்துப் பன்னிரண்டு மாணவர் ஒரு கைபேசியைச் சூழ்ந்து நின்று ஆரவாரஞ் செய்துகொண்டிருந்தனர். படிக்கும் நேரத்தில் இஃதென்ன கூத்து என்று கடிந்துகொள்ளும் எண்ணத்தோடு அருகிற் சென்ற யானும் சற்று நேரத்தில் அவர்களுள் ஒருவனாகி நின்றேன் என்பதை ஒளிப்பானேன்? அரேபிய நாட்டு மணற்குன்று ஒன்றன் சரிவில் மோட்டார் ஸைக்கிள் வீரர் ஒருவர் தள்ளாடி ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னிருந்த புழுதிப் படலத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கார் வெளிப்பட்டு, அவர் தோளுக்குச் சில அடி தூரத்தில் பாய்ந்து மறைந்தது. மாணவர் கை கொட்டினர். ஒருவர் மட்டும் கை கொட்டவில்லை. அவர் என்னை நோக்கி, "ஐயா, பின்னால் வந்தவருக்கு முன்னால் ஒருவர் போகிறார் என்பது தெரிந்திருக்குமா?" என்று வினவினார். அப்பொழுது எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் இதுபற்றிப் படித்தும் கணக்கிட்டும் யான் கொண்ட கருத்தை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

இத்தகைய பந்தயங்களுள் புகழ் மிக்கவை இரண்டு. ஒன்று, மெக்ஸிகோ தேசத்தின் மேல்கரையில் நீண்டு கிடக்கும் பாஹா கலிபோர்னியா என்னும் குடாநாட்டில் நிகழ்வது. ஆங்கில எழுத்தைக் கண்டு 'பாஜா' என வாசிப்பாரும் உளர். அந்நாட்டார் உச்சரிப்பு 'பாஹா' என்பதே. 1962-ஆம் ஆண்டில் இருவர் மோட்டார் ஸைக்கிளில் ஏறித் தீஹுவானா நகரினின்று லா பாஸ் நகர் வரை, சாலையென்று சொல்லத் தகாத வழியில், ஏறக்குறைய 40 மணி நேரத்தில் சென்று சேர்ந்தனர். அதனைக் கேட்டு நாற்சக்கரத்தாருக்கும் ஆவல் பிறந்தது. 1967-இல் இருதிறத்தாரும் கலந்து ஓடிய முதற்பந்தயம் அதே வழியில் நடைபெற்றது. ஒரு சிறு மணல்வண்டி 27 மணி 38 நிமிஷத்தில் வெற்றி பெற்றது. மற்றொன்று, தக்கார் பந்தயம். தியெரி ஸபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1977-இல் மோட்டார் ஸைக்கிளில் ஸஹாரா பாலைவனத்தில் வழி தவறிச் சாகுந் தறுவாயில் மீட்கப்பட்டார். மறுவருஷம் டிஸம்பரில் பாரிஸ் நகரினின்று தக்கார் துறைமுகம் வரை அவர் ஒரு பந்தயத்தைத் தொடங்கினார். 182 வாகனங்கள் புறப்பட்டு 74 வாகனங்களே போய்ச் சேர்ந்தன. எல்லா வாகனங்களையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கணக்கிட்ட அம்முதற்பந்தயத்தில் முதலில் நின்றது மோட்டார் ஸைக்கிளே. தக்கார் பெயரைத் தாங்கினும் அப்பந்தயம் 2009 முதல் தென் அமெரிக்காவிலும், 2020 முதல் ஸௌதி அரேபியாவிலும் நடந்து வருகின்றது.

இவ்விரு வரலாறுகளையும் எடுத்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இருசக்கரத்தார் இப்பந்தயங்களில் பின்னர் வந்து ஒண்டிக்கொண்டவர் அல்லர். வீட்டைக் கட்டியவரே அவர். ஆதலின், "அபாயமாயின் அவர்களை விலக்கிவிடலாமே" என்று எளிதாகக் கூறுவாரோடு யான் உடன்படேன்.

தொடக்க காலத்தில் இருதிறத்து வாகனங்களின் வேகத்துக்கும் பெரிய வேற்றுமை இருந்ததில்லை. கரடுமுரடான நிலம் யாவரையும் ஒருபடித்தாக அடக்கி வைத்தது. பின்னர்க் காரின் அடியிலுள்ள வில்களும் அதிர்ச்சிதாங்கிகளும் சீர்திருந்தின. இன்று பாஹாவில் ஓடும் 'டிராபி டிரக்' என்னும் வண்டி ஏறக்குறைய 2,700 கிலோ எடையும் 800 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட யந்திரமும் உடையது. அதன் சக்கரம் முழங்கால் அளவுக்கு மேல் ஏறியிறங்கும். பள்ளம் மேடுகளை அது பொருட்படுத்துவதில்லை. மோட்டார் ஸைக்கிளின் கதையோ வேறு. தக்கார் பந்தயத்தில் வேகத்தால் நேரும் விபத்துகளுக்கு அஞ்சி, 2011 முதல் மோட்டார் ஸைக்கிள் யந்திரம் 450 கன சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்று வரம்பிட்டனர். வரம்பு நல்லதே. ஆயினும் ஒருவரைச் சிறிய யந்திரத்தில் ஏற்றிவிட்டு, அவருக்குப் பின் வருபவரை ஆண்டுதோறும் விரைவுபட விட்டால் நேருவது யாது? இடைவெளி விரியும், விரிந்தே உள்ளது.

புறப்படும் முறை இருபந்தயங்களிலும் ஒன்றே. மோட்டார் ஸைக்கிள்கள் முதலில் விடப்படும். அதன்பின் சில மணி நேரங் கழித்துக் கார்கள் விடப்படும். கார் கிளப்பும் புழுதியும் அது உழுதுவிட்டுச் செல்லும் தடமும் இருசக்கரத்தாருக்குத் துன்பமாகாதிருக்க இம்முறை ஏற்பட்டது. முன்வரிசை வீரருக்கு இஃது உண்மையிலேயே காவலாகும். அவர் விடியுமுன் கிளம்பி மின்னலெனச் சென்றுவிடுவர். சிறந்த காருங்கூட அவரை எட்டிப் பிடித்தல் அரிது. பிடிபடுபவர் யாவர் எனின், நடுவிலும் கடையிலும் செல்லும் சாமானியரே. பாஹாவில் பலர் முறைவைத்து ஒரே வண்டியை ஓட்டுவது வழக்கமாயினும், முழுத்தூரத்தையும் தனியொருவராக ஓட்டும் 'அயர்ன்மேன்' வகுப்பாரும் உளர். தக்காரில் உதவியாளர் எவருமின்றி, ஒரு பெட்டியளவு கருவிகளை மட்டும் உடைமையாகக் கொண்டு, இரவில் தம் வண்டியைத் தாமே செப்பனிட்டு, மிச்சமுள்ள சிறுபொழுதில் கண்ணயர்ந்து, மறுநாள் மீண்டும் புறப்படுவாரும் உளர். சேமித்த பொருளையும் ஆண்டு விடுமுறையையும் இதற்கென்றே செலவிட்டு வருபவர் இவர். களைப்பு மிகுந்து, கை சோர்ந்து, வேகம் தளர்ந்த அந்தப் பொழுதிலேதான் பெருவண்டிகள் இவர் முதுகை நெருங்குகின்றன. படக்காட்சியிலோ பத்திரிகையிலோ இவர் பெயர் வருவதில்லை. ஆதலால் இவருக்கு நேரும் அபாயமும் பேசப்படுவதில்லை.

பௌதிகம் பயிலும் மாணவர் கீழ்வரும் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். மோட்டார் ஸைக்கிள் மணிக்கு 60 கிலோமீட்டரும், பின்வரும் வண்டி 160 கிலோமீட்டரும் செல்வதாகக் கொள்வோம். வேற்றுமை 100, அஃதாவது வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். 200 மீட்டர் பின்னாலிருந்து எச்சரிக்கை செய்தாலும் ஏழே வினாடியில் வண்டி வந்துவிடும். அவ்வேழு வினாடிக்குள் வீரர் ஒலியைக் கேட்க வேண்டும். எப்பக்கம் ஒதுங்குவது என்று துணிய வேண்டும். அப்பக்கத்தில் கல்லோ கள்ளியோ இல்லையென்று காண வேண்டும். பிறகே திரும்ப வேண்டும். மோதினால் என்னாகும் என்பதையும் அறிந்துகொள்ளலாம். எடை பன்னிரண்டு மடங்கு. வேகத்தின் வர்க்கம் ஏழு மடங்கு. ஆகப் பெருவண்டியின் இயக்கசக்தி சிறுவண்டியினுடையதைப்போல் 80 மடங்குக்கு மேற்பட்டது. தக்காரில் ஓடும் லாரிகள் எட்டொன்பது டன் எடையுள்ளவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்க.

இவ்வளவும் பட்டப்பகலில், தெளிந்த வெளியில் நேர்வதாகக் கொண்ட கணக்கு. பாஹாவில் 'ஸில்ட்' என்று சொல்லப்படும் மாவுப்புழுதி நிறைந்த பள்ளங்கள் உள்ளன. முகத்துக்கிடும் பவுடரைப் போன்ற மண் அது. அதனுள் புகுந்த மோட்டார் ஸைக்கிள் முழங்கால் ஆழம் புதையும். எழும்பிய தூசி காற்றில்லாவிடில் திரைச்சீலை போல் அங்கேயே தொங்கும். இரவில் அத்திரைமேல் விளக்கொளி பட்டால் வெள்ளைச் சுவரொன்றே தெரியும். மணற்குன்றின் முகடோ இதனினும் கொடிது. மேலேறும் வண்டிக்கு வானமன்றி வேறொன்றும் தோன்றாது. முகட்டைத் தாண்டிய பின்னரே அப்பால் என்ன உள்ளதென அறியலாம். அப்பக்கச் சரிவில் ஒருவர் விழுந்து கிடந்தால்? 2020-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் போர்ச்சுகல் வீரர் பவுலோ கொன்ஸால்வெஸ் விழுந்தபோது பின்னால் வந்த ஸக வீரர்கள் தம் பந்தயத்தை நிறுத்தி அவரருகில் நின்றனர். ஆயினும் அவர் உயிர் பிழைக்கவில்லை. அது வேறு வாகனம் மோதியதால் நேர்ந்ததன்று. எனினும் விழுந்தவரிடம் முதலில் வந்து சேர்வது மற்றொரு மோட்டார் ஸைக்கிளாக இருத்தல் வேண்டும், லாரியாக இருத்தல் கூடாது என்பதை அந்நிகழ்ச்சி எனக்கு உணர்த்திற்று.

அபாயத்தைப் பந்தயம் நடத்துவோர் அறியாரென்று கூறுதல் நியாயமன்று. தக்காரில் 'ஸெண்டினல்' என்னும் கருவி ஒவ்வொரு வாகனத்திலும் பொருத்தப்படுகின்றது. பின்வருபவர் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்செல்பவரின் வண்டியில் அலறலொலி எழும். வழியில் ஒருவர் நின்றுவிட்டாலோ விழுந்துவிட்டாலோ பின்வருவோர்க்கு அதனையும் அக்கருவி அறிவிக்கும். பாஹாவிலும் இத்தகைய ஏற்பாடு வந்துள்ளது. 2021 முதல் தக்கார் மோட்டார் ஸைக்கிள் வீரர் யாவரும், விழும்போது காற்று நிரம்பி மார்பையும் முதுகையும் காக்கும் சட்டையை அணிதல் கட்டாயமாயிற்று. இவையெல்லாம் போற்றத்தக்கவையே. ஆயினும் நம் மாணவரின் வினாவுக்கு இக்கருவி பாதி விடையே கூறும். முன்னால் ஒருவர் உளர் என்பதைப் பின்வருபவர் அறிவர். அவர் இடப்புறத்தே உள்ளாரா வலப்புறத்தே உள்ளாரா என்பதைப் புழுதிக்குள் அறியார். பின்னால் ஒரு வண்டி வருகின்றது என்பதை வீரர் கேட்பர். எப்பக்கமாகக் கடக்கப் போகின்றது என்பதைக் கேளார். நின்றபடியே ஓட்டும் அவருக்குத் திரும்பிப் பார்த்தலும் இயலாது. ஒரு கணம் கண்ணை எடுத்தால் முன்னுள்ள கல்லே அவருக்கு யமனாகும்.

ஈண்டுதான் என் கருத்து தொடங்குகின்றது. மெதுவாகச் செல்பவர் வேகமாக வருபவர்க்கு வழிவிட வேண்டும் என்பது பந்தயத்தின் பழைய மரபு. கார்கள் தமக்குள் இம்மரபை நடத்தும் விதம் வேடிக்கையானது. அமெரிக்கப் பாலைவனங்களில் பின்வண்டி முன்வண்டியின் பின்சட்டத்தை இலேசாக இடித்து, 'வந்துவிட்டேன், ஒதுங்கு' என்று தெரிவித்தல் நெடுநாள் வழக்கு. இரும்புக்கூட்டுக்குள் வார்ப்பட்டையால் கட்டப்பட்டு அமர்ந்திருப்பவர்க்கு அஃதொரு கைதட்டல் போல. அவ்வழக்கத்தை இருசக்கரத்தாரிடம் காட்டக்கூடாதென்பது எவர்க்கும் தெரியும். ஆனால் இடிப்பதைத்தான் விலக்கியுள்ளோமேயன்றி, வழிவிடும் கடமையை இன்னும் அவர் தலைமீதே வைத்துள்ளோம். காண வல்லவர், நிறுத்த வல்லவர், கவசமுடையவர் பின்னிருப்பவரே. கடமையும் அவருடையதாதல் வேண்டும்.

அதனைச் சட்டமாக்குதல் எங்ஙனம்? மிக எளிது என்பேன். இப்பந்தயங்கள் சிற்றூர்களின் ஊடே செல்லும்போது வேகவரம்பு உண்டு. தக்காரில் 30, 50, 90 கிலோமீட்டர் என்று குறித்துள்ளனர். வானத்திலுள்ள செயற்கைக் கோள்களின் உதவியால் ஒவ்வொரு வண்டியின் வேகமும் பதிவாகின்றது. மீறியவர்க்குத் தண்டனையாக நேரம் கூட்டப்படுகின்றது. ஊரில் நடந்து செல்லும் கிழவனாரைக் காக்கும் இக்கருவி, மணலில் ஓடும் வீரரைக் காத்தல் ஆகாதா? இருசக்கரத்தார் ஒருவரைக் கடக்கும்போது, அவருக்கு முன்னும் பின்னும் 150 மீட்டர் தூரத்துக்கு, அவர் வேகத்தைவிட 30 கிலோமீட்டருக்கு மேல் மிகுந்து செல்லலாகாது என்று விதி செய்க. இருவண்டிகளின் இடமும் வேகமும் பதிவாகிக்கொண்டேயிருப்பதால் சாட்சி தேவையில்லை, வழக்காடவும் இடமில்லை.

இதற்கு எழும் ஆட்சேபங்களை யான் அறிவேன். "தெரிந்தே வருகின்றனர், அஞ்சுபவர் வீட்டிலிருக்கலாமே" என்பர் சிலர். தெரிந்தே வருகின்றனர், உண்மை. அவர் ஏற்றுக்கொண்டது பாலைவனத்தை. வெயிலையும் கல்லையும் தம் பிழையையும். பிறர் அவசரத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "வெவ்வேறு நாட்களில் நடத்தினால் தொல்லையே இல்லையே" என்பர் வேறு சிலர். அது மெய்யே, ஆயினும் மருத்துவரும் ஹெலிகாப்டரும் காவல் நிலையங்களும் இருமடங்கு நாள் நிற்க வேண்டும், அச்செலவை மோட்டார் ஸைக்கிள் வீரரின் நுழைவுக் கட்டணம் தாங்காது. தக்காரில் அண்மை ஆண்டுகளில் சில நாட்களுக்கு இருதிறத்தாருக்கும் தனித்தனிப் பாதை வகுத்துள்ளனர். முன்சென்ற மோட்டார் ஸைக்கிளின் தடத்தைப் பார்த்துக் கார்கள் எளிதில் வழி கண்டுபிடித்தலைத் தடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் எதுவாயினும் பயன் நன்றே. பரந்த மணல்வெளியில் இது கூடும். மலையிடுக்கில் ஒரே ஓடைவழியாகச் செல்லும் பாஹாவில் எல்லாவிடத்தும் கூடாது.

நம்மவர்க்கும் இதில் தொடர்பில்லாமலில்லை. ஓசூரிலுள்ள டி. வி. எஸ். நிறுவனம் பிரெஞ்சு நாட்டு ஷெர்கோவுடன் கூடித் தக்காருக்கு வீரரை அனுப்பி வந்துள்ளது. அக்குழுவின் மலையாள வீரர் ஹரித் நோவா 2024-இல் 'ராலி 2' வகுப்பில் முதலிடம் பெற்றார். நம் விடுதியில் அன்றிரவு கை கொட்டியவருள் இருவர் தாமும் ஒருநாள் செல்வதாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். சொல்லட்டும்.

நிற்க. வினா எழுப்பிய மாணவரிடம் என் விதியைச் சொன்னபோது, "அதனால் பெருவண்டிக்கு எவ்வளவு நேரம் நஷ்டம், ஐயா?" என்றார். இருவரும் கரும்பலகையில் கணக்கிட்டோம். வீரரும் 60-இல் முன்னேறிக்கொண்டிருப்பதால், 160-இல் வருபவர் அவரைச் சூழ்ந்த 300 மீட்டர் எல்லையை 90-இல் கடந்தால் பதினாறு வினாடிக்குச் சற்றுக் குறைவாக இழப்பர். வேகத்தைத் தணிப்பதற்கும் மீட்பதற்கும் சேர்த்து இருபது வினாடி என்று வைத்தோம். வழியில் ஐம்பது பேரைக் கடந்தால் ஆயிரம் வினாடி; பதினேழு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. இருபது மணி நேரம் ஓடும் பந்தயத்தில் இது பெரிதன்று. மாணவர் கணக்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, முன்னணியில் வரும் பெருவண்டியே அதிகம் பேரைக் கடக்க நேருமாதலால் அதற்கே நஷ்டம் மிகுதியென்று குறை கூறினார். அது நியாயமான குறையே. கடந்த ஒவ்வொருவருக்கும் அவ்விருபது வினாடியைக் கணக்கில் திருப்பித் தந்துவிடலாம் என்றேன். விழுந்தவர்க்கு நின்று உதவிய வீரரின் இழந்த நேரத்தைத் தக்காரில் ஏற்கெனவே அங்ஙனந்தான் திருப்பித் தருகின்றனர்.