பூட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஒரே பயனரின் புராசஸ்கள் ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று படித்தால் என்ன கெட்டுவிடும், அதைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் அமைப்பான பிட்ரேஸ் ஸ்கோப்பை 0 ஆக்குங்கள் என்கிறார்கள். நிறையக் கெடும். உங்கள் பிரவுசரும் நேற்று இறக்கிய விளையாட்டும் ஒரே பயனர் பெயரில்தான் ஓடுகின்றன. மதிப்பு 0 என்றால், ப்ராக் அடைவிலுள்ள மேப்ஸ் கோப்பில் முகவரியைப் பார்த்து, மெம் கோப்பைத் திறந்து, பிரவுசர் வைத்திருக்கும் கடவுச்சொல்லை அந்த விளையாட்டு அள்ளிவிடலாம். ரூட் அனுமதியே வேண்டாம். இதனால்தான் உபுண்டு 2010இலேயே இந்த வழியை அடைத்தது. 2012இல் இதே கட்டுப்பாட்டைத் தரும் யாமா என்ற பாதுகாப்புப் பகுதி லினக்ஸ் 3.4 கெர்னலில் வந்தது.

இந்தப் பூட்டு இருந்தால் பிழைதிருத்தமே முடங்கிவிடும் என்பதும் தவறு. ஜிடிபி என்ற பிழைதிருத்தி தானே தொடங்கிய நிரலை ஆராய்வதை, பூட்டைப் போடும் மதிப்பான 1 தடுப்பதில்லை. ஏற்கெனவே ஓடும் சர்வரை ஆராய சூடோ இருக்கிறது. ஒரு சொல் கூடுதலாகத் தட்டச் சோம்பி எல்லார் கணினியையும் திறந்துபோடச் சொல்வது பொறுப்பற்ற யோசனை. 1 அப்படியே இருக்கட்டும்.