கிலோ குறைந்தால் இரத்தத்தைப் பாருங்கள்

கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள். காரணம் கேட்டால் சோம்பல் என்கிறார்கள். இந்தப் பழிச்சொல்லுக்கு மருத்துவ விஞ்ஞானம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

1979ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்க ஆய்வாளர் எட்ஜர்ட்டன் குழுவினரோடு பேராதனை மருத்துவ பீடத்தில் பணியாற்றிய பிரையன் செனவிரத்னவும் அதில் பங்குகொண்டார். ஆராயப்பட்டவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்கள். ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்தும், மற்றவர்களுக்குச் சத்தில்லாத வெறும் மருந்தும் கொடுக்கப்பட்டன. ஒரு மாதத்தின் பின், இரும்புச்சத்தால் ஹீமோகுளோபின் கூடியவர்கள் அதிகம் கொழுந்து பறித்தார்கள். 6 முதல் 9 கிராம் வரையே இருந்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. குறைந்திருந்தது இரத்தமே தவிர, மனம் அல்ல.

இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பின் பலத்தால். அது குறைந்த உடம்போடு மலையேறினால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கை ஓயும்.

செக்ரோலைப் போல உடம்புக்கும் வரவு செலவு உண்டு. மாதவிலக்கு, பிரசவம், கொக்கிப்புழு எல்லாம் இரும்பின் செலவுகள். வியர்வையில் உப்போடு சிறிதளவு இரும்பும் போகிறது. வரவோ ரொட்டியும் சம்பலும்தான். அதோடு குடிக்கும் பிளேன்டீயின் சாயம், உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது.

ஆகவே சகோதரிகளே, கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்க வேண்டாம். தண்ணீரோடு குடியுங்கள். தேசிக்காய், கொய்யா, நெல்லி நல்ல துணை. கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் எடுங்கள். வயிறு குமட்டினால் மாத்திரையை வீசிவிடாமல் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். பரிசோதிக்காமல் கடையில் வாங்கிக் குடிப்பதும் தவறு. தலசீமியா போன்ற நோயுள்ளவர்களுக்கு இரும்பு மிஞ்சினால் ஈரலுக்கும் இதயத்துக்கும் கேடு.

ஆனால் இதை மாத்திரையோடு முடித்துவிட நாம் தயாரில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டுமன்றி, மலையில் வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். அந்த நாளுக்கு முழுப்பேர் வேண்டும். மலையிலே குடிதண்ணீரும் மலசலகூடமும் வேண்டும். ஒதுங்க இடமில்லை என்று தாகத்தை அடக்கிக்கொண்டு வியர்வை சிந்தும் உடம்பில் நீரும் உப்பும் எப்படிச் சமநிலையில் நிற்கும்?

ஒன்றை நிர்வாகங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். இரத்தம் கூடினால் கொழுந்தும் கூடும் என்பதைப் படித்துவிட்டு நாள் கிலோவை உயர்த்தப் பார்க்காதீர்கள். எமது பெண்களின் உடம்பில் ஏறும் இரும்பு, முதலில் அவர்களுக்கும் அவர்கள் சுமக்கும் பிள்ளைகளுக்கும் உரியது.

மாதர் தலைவிகள் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இக்கோரிக்கைகளை எழுத்தில் முன்வைக்க வேண்டும். அரைப்பேர் போட வரும் கை, முதலில் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கட்டும்.