கணக்கில் ரப்பர் வேண்டாம்

போன மாதம் குழித்துறைக்குப் போயிருந்தபோது சித்தி ஒரு சீட்டை நீட்டினார். "மக்கா, நகையைத் திருப்பணும். அவங்க சொல்லுற வட்டி கூடுதலா இருக்குது. ஒண்ணு கேட்டுட்டு வா."

கடன் 60,000 ரூபாய். வருஷத்துக்கு 12 சதவீதம், எட்டு மாசம். வாய்க்கணக்கிலேயே 4,800 வருகிறது. சீட்டில் 5,600.

ஆற்றுப் பாலம் தாண்டி, பெயர் வேண்டாம், ஒரு சின்ன நிதி நிறுவனம். கவுன்ட்டரில் இருந்த பெண், "சார், கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. தப்பு வராது" என்றாள். திரையைக் கொஞ்சம் இப்படித் திருப்பச் சொன்னேன். நாம் கல்யாணச் செலவு எழுதி வைப்போமே, அதே எக்செல். சித்தியின் வரிசையில் மட்டும் வட்டி விகிதம் 14 என்று யாரோ கையால் அடித்திருந்தார்கள். "அய்யோ, ஸாரி சார்" என்று 14-ஐ 12 ஆக்கினாள். கண்மூடித் திறப்பதற்குள் 5,600 போய் 4,800 வந்துவிட்டது.

சித்திக்கு 800 ரூபாய் மிச்சம். எனக்கோ பயம். குறைத்ததற்குத் தடயம் இல்லை என்றால், நாளைக்கு யாராவது கூட்டினாலும் தடயம் இருக்காதே!

குழித்துறையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ரப்பர் தோட்டம். ஆனால் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை மேஜையில் மட்டும் ரப்பர் இருக்கக் கூடாது. பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், அதன் கீழே கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் உண்டு, அதனால் கிழிக்கவும் முடியாது. தப்பு நடக்கும், ஆனால் நடந்தது தெரியும். ஐந்நூறு வருஷப் புத்தி இது. அதை நாம் ஒரு டெலீட் பட்டனுக்கு விற்றுவிட்டோம்.

சின்ன இடம், அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். பெரிய இடத்துக் கதையைக் கேளுங்கள். 2012-ல் அமெரிக்காவின் ஜே.பி.மார்கன் சேஸ் வங்கி, லண்டனில் செய்த பேரங்களில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. ஒரு நாளில் எவ்வளவு நஷ்டம் வரலாம் என்று மதிப்பிட அவர்களிடம் ஒரு கணக்கு முறை இருந்தது. அது ஓடியது எக்செல் ஷீட்டுகளில். ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் கையால் காப்பி, பேஸ்ட் செய்தார்கள். ஓர் இடத்தில் சராசரியால் வகுக்க வேண்டியதைக் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டார்கள். ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிந்தது, அபாயமும் சுருங்கித் தெரிந்தது. 2013 ஜனவரியில் அந்த வங்கியே வெளியிட்ட அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. பேரம் செய்தது பேராசை. அதற்குத் திரை போட்டது எக்செல்.

அது கைத்தவறு. நம் ஊரில் கைவேலையே நடந்தது. 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது. முதலில் ஒருவர் எடுக்க முடிந்தது மொத்தமே ஆயிரம் ரூபாய்! போலீஸ் புகாரின்படி, ஒரு கட்டுமான நிறுவனத்தோடு சம்பந்தப்பட்ட 44 கடன் கணக்குகளை மறைக்க 21,049 பொய்க் கணக்குகள். அவை வங்கியின் மைய கணினியில் ஏற்றப்படவே இல்லை. ரிசர்வ் வங்கிக்குக் காட்டிய பட்டியலில் மட்டும் இருந்தன. கணினிக்கு வெளியே ஒரு பட்டியல் தயாராகிறது, அதை நிஜம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். வியாதி அங்கேதான்.

சட்டம் தூங்குகிறது என்று சொல்ல மாட்டேன். எந்தக் கடன் வாராக்கடன் என்பதைக் கணினியே தீர்மானிக்க வேண்டும், ஆட்கள் கை வைக்கக் கூடாது என்று 2020 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. கெடு 2021 ஜூன் 30. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு கட்டாயம், அதை அணைத்து வைக்கவும் கூடாது. அதாவது கணக்குப்பிள்ளையின் ஒற்றைக் கோட்டை டெல்லி திரும்பவும் கண்டுபிடித்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் அது நம் தெருமுனை நிதி நிறுவனத்துக்கு வந்து சேர்ந்ததா என்று யார் பார்ப்பது?

"சின்ன நிறுவனம் சார், சாஃப்ட்வேர் வாங்கக் கட்டுப்படியாகாது" என்பார்கள். ஊரார் நகையை வாங்கிப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி மட்டும் கட்டுப்படியானது எப்படி? கணக்கும் ஒரு பெட்டகம்தானே? எக்செல் மேல் எனக்கு விரோதமில்லை. உத்தேசம் போடட்டும், ஒத்திப் பார்க்கட்டும். அது பேரேட்டின் நாற்காலியில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். வங்கி கவிழ்ந்தால் 5 லட்சம் வரை டெபாசிட் இன்ஷூரன்ஸ் உண்டு. நிதி நிறுவனத்தில் போட்டால் அதுவும் கிடையாது. ஆகவே வாயைத் திறந்து கேளுங்கள். என் கணக்கை யார் திருத்தலாம்? திருத்தினால் பழைய எண் எங்கே நிற்கும்? வட்டியை எப்படிப் போட்டீர்கள் என்று காகிதத்தில் எழுதித் தருவீர்களா? முறைத்தால், பணத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

சித்தி எட்டாம் கிளாஸ். தப்பைக் கண்டுபிடித்தது அவர்தான், நானல்ல. இனி யாராவது "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு" என்றால், "கம்ப்யூட்டருக்குப் போட்டுக் கொடுத்தது யாரு மக்கா?" என்று அவர் மாதிரியே கேளுங்கள்.